பத்து மணி ஓலை

எங்கள் சபையில் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். மாப்பிள்ளை பெயர், அவனுடைய அப்பா பெயர், அவன் எந்தச் சபை, அப்புறம் பெண்ணுக்கும் அதே விவரம். வாசித்து முடித்ததும், இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று ஆயர் கேட்பார். யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். ஆனால் அந்தச் சில நொடிகளில் நானூறு பேரும் கழுத்தைத் திருப்பி, அந்தக் குடும்பம் உட்கார்ந்திருக்கும் பெஞ்சை ஒருமுறை அளந்துவிடுவார்கள். சின்ன வயதிலிருந்தே எனக்கு அந்த நொடிகளைக் கண்டால் ஆகாது.

அப்படிப்பட்ட நான்தான் 2008-இல் அந்த ஓலைக்கு இணையத்தில் ஒரு பக்கம் கட்டிக்கொடுத்தேன். பாதி நான் கட்டினேன், பாதி மதியழகன் கட்டினான்.

பெருங்களத்தூரில் இரண்டு அறை கொண்ட ஒரு ஆபீஸில் நாங்கள் இருவரும் மூன்று வருடமாக வெப்சைட் கட்டிக்கொண்டிருந்தோம். எல்லாவற்றுக்கும் அடிப்படை ஜூம்லா என்ற மென்பொருள். யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாம். பொத்தேரி ஹாஸ்டலுக்கும் அதுதான், பீர்க்கன்கரணை டிரைவிங் ஸ்கூலுக்கும் அதுதான். அதிலுள்ள பெரிய வசதி, கட்டிக்கொடுத்துவிட்டு நாம் ஒதுங்கிவிடலாம். கம்ப்யூட்டரே தெரியாதவர்கூட ஒரு மாதம் பழகினால் தானே அறிவிப்பு எழுதி, இன்ன தேதி இன்ன மணிக்கு வரவேண்டும் என்று நேரமும் குறித்து வைத்துவிடலாம். குறித்த நேரத்தில் அது தானாகப் பக்கத்தில் வந்து நிற்கும்.

அப்படிப் பழகிய ஒருவர் என் அப்பா எலியேசர். ரிட்டயர்டு கணக்கு வாத்தியார், பத்தொன்பது வருடமாகச் சபையின் செயலர். அவருக்குச் சொல்லிக்கொடுப்பதற்குள் என் உயிர் போய் உயிர் வந்தது. "திறந்ததை மூடணும்னா 'க்ளோஸ்' பட்டனை அமுக்குங்கப்பா, மேல இருக்கிற பெருக்கல் குறியை அமுக்காதீங்க" என்று நூறு தடவை கத்தியிருப்பேன். அவர் தலையாட்டிவிட்டுப் பெருக்கல் குறியைத்தான் அமுக்குவார்.

மதியும் நானும் காதலிக்கிறோம் என்பது எங்கள் இரண்டு பேருக்கு மட்டுமே தெரிந்த விஷயம். அவன் கானத்தூர் குப்பத்துப் பையன். அப்பா துலுக்காணம் கடலுக்குப் போகிறவர், அம்மா காந்தா மீன் விற்கிறவர். குலசாமி கும்பிடுகிற குடும்பம். சபைக்கு வெளியே பெண் கொடுக்கிற வீட்டார் சபைப் பொறுப்பில் இருக்கக்கூடாது என்பது எங்கள் சட்டம். கிறிஸ்துமஸ் கழியட்டும், அப்பாவிடம் சொல்லிவிடுகிறேன் என்று இரண்டு கிறிஸ்துமஸாக நான் தள்ளிக்கொண்டிருந்தேன். ஆபீஸில் என் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. அப்பா முன்னால் மட்டும் நான் கோழை. வேறு வார்த்தை போட்டு இதை அழகுபடுத்த எனக்கு விருப்பமில்லை.

அக்டோபர் பத்தொன்பது, ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு ஆராதனையின் முடிவில், பத்து மணி வாக்கில், அறிவிப்பு நேரத்தில், திரையில் சபையின் வெப்சைட்டைத் திறந்து காட்டுவதாக ஏற்பாடு. அப்பா கையால்தான் கிளிக் செய்யவேண்டும் என்று ஆயர் சொல்லியிருந்தார். காலையில் அப்பா இரண்டு இட்லியைத் தட்டில் வைத்துப் பிசைந்துகொண்டே இருந்தார். டையை ஒருமுறை கட்டி, அவிழ்த்து, மறுபடியும் கட்டினார். பதற்றம் என்று நினைத்து எனக்குச் சிரிப்புகூட வந்தது.

"ஜெரூ, அதுல இருக்கிறதெல்லாம் நீ யோசிச்சுத்தானே போட்டிருக்க?" என்று கேட்டார்.

"ஒவ்வொண்ணும் பார்த்துத்தான்ப்பா போட்டிருக்கேன்."

"பத்து மணிக்கு?"

"நீங்க கிளிக் பண்ணுங்க, போதும். மத்ததெல்லாம் தானா வரும்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு கை கழுவப் போய்விட்டார்.

எட்டரைக்கு ஆராதனை தொடங்கியது. நான் பாடகர் குழுவில் ஆல்டோ, அதாவது பெண்களின் கீழ்க்குரல். வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு சபைக்கு எதிரே, எல்லோர் கண்ணும் படுகிற இடத்தில் உட்காரவேண்டும். பலிபீடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை. அதன் மேல் லேப்டாப், ஓரத்தில் இணையத்துக்கு டேட்டா கார்டு, பின்னால் புரொஜெக்டர். அன்றைய வசனம் திரையில் பெரிதாகத் தெரிந்தது. மேசைக்கு அருகிலேயே அப்பா கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பிரசங்கம் ஆரம்பித்துப் பத்து நிமிஷம் இருக்கும். அங்கிக்குள் வைத்திருந்த போன் அதிர்ந்தது. விட்டுவிட்டேன். மறுபடியும் அதிர்ந்தது. பாட்டுப் புத்தகத்துக்குள் மறைத்துப் பார்த்தேன். மதியிடமிருந்து மெசேஜ். அவன் ஆங்கில எழுத்தில் அடித்திருந்ததைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: ஓலைப் பக்கத்துல சாம்பிள் ஒண்ணு போட்டேன், எடுக்க மறந்துட்டேன். இன்னிக்குக் காலைல பத்து மணிக்கு வர்ற மாதிரி டைம் வெச்சுக்கீது. அதுல நம்ம பேரு. உடனே எடு.

கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது இருபத்தெட்டு.

யாரைத் திட்டுவது? நேரம் குறித்தால் பக்கம் தானாக வருகிறதா என்று சோதித்துப் பார்க்கச் சொன்னது நான். சாம்பிள்களை அழிக்காதே, எப்போதாவது உதவும் என்று ஆபீஸில் சட்டம் போட்டது நான். வெள்ளிக்கிழமை அவசர அவசரமாக எங்கள் கம்ப்யூட்டரில் இருந்ததை மொத்தமாக சர்வரில் ஏற்றியதும் நான். ஏற்றியபின் வெளியே தெரிகிற பக்கங்களை மட்டும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். நேரத்துக்காக உள்ளே காத்துக்கொண்டிருப்பது எதுவும் வெளியே தெரியாது. சர்வர் அமெரிக்காவில் இருக்கிறது, நம் ஊர் நேரம் தப்பாக வந்துவிடக்கூடாது என்று அதையும் மெனக்கெட்டுத் திருத்தி வைத்தவள் நானேதான்.

அப்பாவுக்கு விஷயம் தெரியப்போகிறதே என்பதல்ல என் பயம். தெரியத்தான் வேண்டும். ஆனால் இப்படியா? நானூறு பேர் முன்னால், அவர் கையாலேயே கிளிக் செய்து, திரையில் ஆள் உயர எழுத்தில், மகளின் காதலைச் சபையோடு சேர்ந்து படித்துத் தெரிந்துகொள்வதா? அந்த மனிதருக்கு அப்படி ஒரு தலைகுனிவை நான் தேடிக் கொடுத்தால் அப்புறம் அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்?

லேப்டாப்பைத் தொட முடியாது. தொட்டால் நான் செய்வதெல்லாம் திரையில் தெரியும். புத்தகத்தை மூடினேன். பக்கத்திலிருந்த அருள்மேரி அக்காவிடம் வயிற்றைத் தொட்டுக் காட்டிவிட்டு, குனிந்தபடி பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே வந்தேன். ஆயர் ஒரு வார்த்தையை விழுங்கிவிட்டுத் தொடர்ந்தார். திரும்பிப் பார்க்கக்கூடாது என்று நினைத்தேன், ஆனாலும் பார்த்தேன். அப்பாவின் கண் என் மேலேயே இருந்தது.

சுவரோரம் நின்று மதிக்குப் போன் அடித்தேன். பின்னால் ஒரே மீன் ஏலக் கூச்சல்.

"நீ எடுக்க வேண்டியதுதானேடா? எனக்கு எதுக்கு மெசேஜ் அனுப்பிட்டிருக்க?"

"இங்க எங்க போய் எடுக்க சொல்ற? குப்பத்துல கீற ஒரே சென்டரும் ஞாத்திக்கெழம பூட்டு. அம்மா கூடைய எறக்கிக்கினு இருந்தேன், அப்பதான் ஞாபகம் வந்துச்சு. பேஜாராப் பூடுச்சு ஜெரூ."

"வேற பேரே கிடைக்கலையா உனக்கு? ஊர்ல இருக்கிற பேரெல்லாம் செத்தாப் போச்சு?"

"ஓலைன்னு டைட்டில் அட்ச்சேன். அப்பால வேற எந்தப் பேரும் கைக்கு வரல."

அதைக் கேட்டு நெகிழ எனக்கு நேரமில்லை. போனை வைத்துவிட்டு ஓடினேன்.

சபையிலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு ஐந்து நிமிஷம். அங்கியை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு இரும்புலியூர் சந்துகளில் ஒரு பெண் ஓடினால் எப்படி இருக்கும்? கறிக்கடை வரிசையே வேடிக்கை பார்த்தது. ரோட்டோரம் சரசு அக்காவின் பிரவுசிங் சென்டர் திறந்திருந்ததைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இன்னாம்மா, அங்கியோட ஓடியாந்துகினு கீற? சர்ச்சுல இன்னா ஆச்சு?"

"அக்கா, ஒரு சிஸ்டம். அஞ்சு நிமிஷம்."

"நோட்டுல பேரு, அட்ரஸ், போன் நம்பர் எழுது. ஐ.டி. கார்டு கீதா?"

"அக்கா, என்னைத் தெரியாதா உங்களுக்கு? வாரம் வாரம் வர்றேன்."

"தெரியும்மா. போலீஸ்காரனுக்குத் தெரியுமா? எழுதிட்டு ஒக்காரு."

எழுதினேன். ஒன்பது நாற்பது. உட்கார்ந்து சிஸ்டத்தை ஆன் செய்தால், அது ஆற அமர எழுந்தது. பிரவுசர் ஜன்னல் திறக்கக் காத்திருந்த நேரத்தில் மின்விசிறி நின்றது. டியூப் லைட் அணைந்தது. மேசைக்கடியில் யு.பி.எஸ். 'கீ, கீ' என்று கத்த ஆரம்பித்தது.

"புடுங்கிட்டானா?" என்றார் சரசு அக்கா. "பேட்டரி பயசு. பத்து நிமிசம் தாங்குனா பெர்சு. சட்டுனு முடி."

அந்த மாதங்களில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. முகவரியை அடித்தேன். பாஸ்வேர்டு அடித்தேன். தப்பு என்றது. மறுபடியும் ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். உள்ளே விட்டது. கட்டுரைப் பட்டியலைத் திறந்தேன், ஒவ்வொரு வரியாக இறங்கி வந்தது. ஒன்பது நாற்பத்தெட்டு.

கடைசியிலிருந்து மூன்றாவது வரி: மதியழகன் – ஜெரூஷா, முதலாம் ஓலை. அதற்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பூட்டு.

இந்தப் பூட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். யாராவது ஒரு கட்டுரையைத் திறந்து வைத்திருந்தால் மற்றவர்கள் அதில் கை வைக்காமலிருக்க ஜூம்லா பூட்டுப் போட்டுவிடும். முறையாக 'க்ளோஸ்' அமுக்கினால் பூட்டு கழன்றுகொள்ளும். பெருக்கல் குறியை அமுக்கிவிட்டுப் போனால் பூட்டு அப்படியே இருக்கும். எங்களுக்குத் தெரிந்து பெருக்கல் குறியை அமுக்குகிறவர் ஒருவர்தான்.

மவுஸைப் பூட்டின் மேல் கொண்டுபோனேன். திறந்தவர்: எலியேசர். சனிக்கிழமை, மாலை 6.50.

நேற்று மாலை ஆறு ஐம்பதுக்கு நான் பாட்டுப் பயிற்சியில் இருந்தேன். வீட்டில் அப்பா இந்த வார ஓலைகளை ஏற்றிக்கொண்டிருந்தார். பட்டியலில் என் பெயரைப் பார்த்திருக்கிறார். திறந்திருக்கிறார். வாசித்திருக்கிறார். பத்து மணி என்று குறித்திருந்ததையும் பார்த்திருக்கிறார். எதையும் மாற்றவில்லை, எடுக்கவுமில்லை. அப்படியே விட்டுவிட்டு எழுந்து போயிருக்கிறார். அதற்குப் பிறகு நான் வீட்டுக்கு வந்தேன், ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம், ஜெபம் செய்தோம். அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

யு.பி.எஸ். கத்துகிற வேகம் கூடியது. யோசிக்க எனக்கு நேரமில்லை. யோசித்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பெரிய அட்மின் நான்தான் என்பதால் யார் போட்ட பூட்டையும் கழற்ற எனக்கு உரிமை உண்டு. கழற்றினேன். கட்டுரை திறந்தது. மணமகள்: ஜெரூஷா, தகப்பனார் எலியேசர். மணமகன்: மதியழகன், தகப்பனார் துலுக்காணம். மணமகனின் சபை என்ற இடத்தில் அவன் 'கடற்கரை, கானத்தூர்' என்று அடித்திருந்தான். தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைக்கலாம் போல இருந்தது, அந்தத் தலையைக் கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. 'வெளியிட வேண்டாம்' என்பதைத் தேர்ந்து 'சேவ்' அமுக்கினேன். பக்கம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றிக்கொண்டே இருந்தது.

ஸ்கிரீன் கறுத்தது.

"பூட்ச்சும்மா," என்றார் சரசு அக்கா.

சேவ் ஆனதா? அந்த ஒரு கேள்வியோடு வந்த வழியே திரும்ப ஓடினேன். ஆகியிருந்தால் தப்பித்தேன். ஆகாவிட்டால் பத்து மணிக்கு எங்கள் பெயர் திரையில். மூச்சு வாங்க ஆலயத்தின் பின்கதவுக்கு வந்தபோது காணிக்கைப் பாட்டு முடிந்திருந்தது. மணி பத்து நான்கு. இங்கேயும் கரண்ட் இல்லை, ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் வெப்சைட்டின் முகப்பு. எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் பக்கத்தில் அம்மா சாராள் பெருமை தாங்காமல் பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அப்பா மைக்கைப் பிடித்திருந்தார். அவருடைய இன்னொரு கை மவுஸில். "இது ஆராதனை நேரங்கள். இது ஜெபக் குறிப்புகள்" என்று ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். வகுப்பில் பாடம் நடத்துகிற அதே குரல். "இனிமேல் ஓலைகளையும் நீங்கள் வீட்டிலிருந்தே பார்க்கலாம்."

திரையில் மவுஸின் அம்பு 'ஓலை' என்ற சொல்லின் மேல் போய் நின்றது. நின்றே இருந்தது. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் போட்டுக்கொண்டார். ஒரு கையால் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். கிளிக் செய்தார்.

இரண்டு ஓலைகள். ஷர்மிளாவுடையது ஒன்று, ஃபிரெடியுடையது ஒன்று. அவ்வளவுதான்.

தேவனுக்கு ஸ்தோத்திரம் என்று வாய் தானாக முணுமுணுத்தது. ஆனால் அப்பா அடுத்த பக்கத்துக்குப் போகவில்லை. திரையை ஒருமுறை கடைசி வரி வரைக்கும் இறக்கிப் பார்த்தார். மறுபடியும் மேலே ஏற்றினார். பிறகு பாடகர் குழுவில் என் காலி நாற்காலியைப் பார்த்தார். அங்கிருந்து அவர் கண் கூட்டத்தைத் தாண்டி, பின்கதவில் நின்ற என்னைத் தேடிப் பிடித்தது.

"இந்த வாரம் ரெண்டு ஓலைதான்," என்றார் மைக்கில். "வேற எதுவும் இல்லை."

ஆராதனை முடிந்து எல்லோரும் காபிக்குப் போனபிறகு, வயர்களைச் சுருட்டுகிற சாக்கில் நான் மேசைக்குப் போனேன். அப்பா அங்கேயே உட்கார்ந்திருந்தார். வழியெல்லாம் பதில் தயார் செய்து வைத்திருந்தேன்: சாம்பிள்ப்பா, சும்மா டெஸ்ட்டுக்குப் போட்ட பேரு. சுலபமான பதில், ஒரு வகையில் உண்மையும்கூட.

"நீதான் எடுத்தியா?" என்று கேட்டார்.

"ஆமாம்ப்பா."

"நேத்து சாயங்காலமே பார்த்துட்டேன். பத்து மணின்னு போட்டிருந்தது. காலையில உன்கிட்ட கேட்டேன், ஒவ்வொண்ணும் பார்த்துத்தான் போட்டிருக்கேன்னு சொன்ன. சரி, என்கிட்ட நேரா சொல்ல முடியாம இந்த வழியில சொல்றன்னு நினைச்சேன்."

தலைகுனிவு வரப்போகிறது என்று தெரிந்தே இந்த மனிதர் டை கட்டிக்கொண்டு கிளம்பி வந்திருக்கிறார். வந்து, தன் கையாலேயே கிளிக்கும் செய்திருக்கிறார்.

"நீங்க எடுத்திருக்கலாமேப்பா."

"கோபத்துல எடுக்கத்தான் கை போச்சு. போடத்தான் கத்துக் கொடுத்த, எடுக்க நீ கத்துக் கொடுக்கலையே." அவர் சிரிக்கவில்லை. "அப்புறம் கோபம் ஆறிடுச்சு. உட்கார்ந்து இதை எழுதினேன்."

சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து என்னிடம் கொடுத்தார். ஆயருக்கு எழுதிய கடிதம். அவருடைய உருண்டை எழுத்தில் மூன்றே வரி. என் மகளின் திருமணத்தை முன்னிட்டு, செயலர் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்கிறேன். மன்னிப்பு, தவறு, வருத்தம் என்று ஏதாவது சொல் இருக்கிறதா என்று இரண்டு முறை தேடினேன். இல்லை. திருமணம் என்றுதான் எழுதியிருந்தார்.

"அந்தப் பக்கத்தைக் காட்டிட்டு இதை ஆயர் கையில கொடுக்கலாம்னு இருந்தேன். சபைக்குள்ள ஒரு சட்டம், செயலர் வீட்டுக்கு ஒரு சட்டம்னு யாரும் பேசிடக் கூடாது பாரு." லேப்டாப்பை ஒருமுறை பார்த்தார். "இப்ப திறந்தா ஒண்ணும் இல்லை. நீங்கல்லாம் சும்மா பேரு போட்டுப் பார்ப்பீங்களே, சாம்பிள்னு, அதுதானா ஜெரூ? அதுன்னா சொல்லு. இதைக் கிழிச்சுப் போட்டுடறேன்."

தப்பிக்க அவரே எனக்கு ஒரு கதவைத் திறந்து வைத்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பத்தொன்பது வருடப் பொறுப்பு அவரிடமே இருக்கும், அம்மா காபிக் கூட்டத்தில் சிரித்துக்கொண்டே இருப்பாள், எனக்கு இன்னொரு கிறிஸ்துமஸ் கிடைக்கும். அவரே கேட்டுக்கொண்ட பொய், கொடுத்துவிட்டால் என்ன?

"இல்லப்பா," என்றேன். "சாம்பிள் இல்லை."

அவர் கை நீட்டிக் கடிதத்தை வாங்கிக்கொண்டார். பழைய மடிப்பிலேயே மடித்தார்.

"கடற்கரைன்னு போட்டிருக்கே, அப்படி ஒரு சபை எங்க இருக்கு?"

"அது அவங்க குப்பம்ப்பா. கானத்தூர். சபை ஒண்ணும் இல்லை. அவங்க சாமி வேற."

"ம்." லேப்டாப்பை மெல்ல மூடினார். "அடுத்த ஞாயிறு வரச் சொல்லு. சர்ச்சுக்கு வேண்டாம், வீட்டுக்கு. அம்மாகிட்ட நீயே சொல்லிடு, இன்னிக்கே. அவளும் இப்படித் தெரிஞ்சுக்க வேண்டாம்."

வாசலிலிருந்து யாரோ "செயலர் ஐயா, காபி ஆறுது" என்று கூப்பிட்டார்கள். அப்பா திரும்பவில்லை. டையைச் சரிசெய்துகொண்டு, கடிதத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு, ஆயரின் அறைப் பக்கம் நடந்தார்.